காற்றுக்குக் காவல் இருந்த சுத்தம்மா

வங்கிக்குக் காவல் வைப்பார்கள். கிடங்குக்கு வைப்பார்கள். யாரும் குடியில்லாத வீட்டுக்குக்கூட, பேய் வந்து ஜன்னலைக் கழற்றிக்கொண்டு போய்விடும் என்று பயந்தோ என்னவோ, ஓர் ஆளை வைப்பார்கள். காற்றுக்குக் காவல் வைத்த கம்பெனி ஒன்று உண்டு. அந்த வேலைக்கு அது எடுத்த ஆளுக்கு வயது ஐம்பத்தெட்டு, உயரம் சராசரிக்குக் கொஞ்சம் கீழே, ஆயுதம் ஒரு கத்தரிக்கோல். ஊரில் அவரைச் சுத்தம்மா என்பார்கள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவல்ல என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குடத்தைக் கழுவி, கழுவின கையைக் கழுவி, கை கழுவின குழாயையும் கழுவுகிற ஒருவரை வேறு எப்படி அழைப்பது? பழைய பெயர் எங்கேயோ ரேஷன் கடையில் கிடக்கிறது. அவரே மறந்திருக்கலாம். கம்பெனி அவரை வேலைக்கு எடுத்ததே இந்தக் குணத்துக்காகத்தான். உலகத்தில் பைத்தியம் என்று பெயர் வாங்கிக் கொடுத்த ஒரு குணம், ஒரே ஓர் இடத்தில் மட்டும் தகுதியாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

கம்பெனி வளர்ப்பது கறுப்பு மக்காச்சோளம். தின்பதற்கு அல்ல. மணிகளை ஊறவைத்து வடித்தால் அடர்ந்த ஊதாச் சாயம் இறங்கும். அந்தச் சாயம் மிட்டாய்க்கும் சர்பத்துக்கும் போகிறது. நல்ல பயிர்தான், ஆனால் அடக்கம் கிடையாது. செடியின் உச்சியில் பூக்கும் ஆண் பூவிலிருந்து மஞ்சள் தூள் கிளம்பும். அது காற்றில் ஏறிப் பக்கத்து வயலுக்குப் போய், அங்கே இளங்கதிரின் நுனியில் தொங்கும் பட்டுநூலில் உட்கார்ந்துவிட்டால் தீர்ந்தது. அந்த வருஷமே, அந்தக் கதிரிலேயே, வெள்ளை மணிகளுக்கு நடுவே ஒரு கறுப்பு மணி பிறந்து சிரிக்கும். மற்ற பயிர்கள் பெரும்பாலும் செய்த தப்பை அடுத்த தலைமுறைவரை மூடிமறைக்கும். மக்காச்சோளத்துக்கு அந்த நாகரிகம் தெரியாது. உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால்தான் காவல். கறுப்பு வயலின் மூன்று பக்கமும் உயரமான தீவனப்புல்லை மதில்போல் அடர்த்தியாக நட்டிருந்தார்கள். அந்தப் பக்கங்களில் வேறு மக்காச்சோளமும் கிடையாது. நாலாவது பக்கம் ஒரு வண்டிப்பாதை. பாதையைத் தாண்டினால் எதிர்வயல். அங்கே வெள்ளை மக்காச்சோளம். இரண்டுக்கும் நடுவே விட வேண்டிய விலகு தூரம் என்று ஒன்று இருக்கிறது; அதைவிட எதிர்வயல் நன்றாகவே கிட்டத்தில் இருந்தது. தூரம் போதாதபோது நாளை வைத்துச் சமாளிப்பார்கள். கறுப்பு வயல் முதலில் விதைக்கும், எதிர்வயல் மூன்று வாரம் கழித்து விதைக்கும். இங்கே பூத்து, கொட்டி, ஓய்ந்த பிறகுதான் அங்கே பட்டுநூல் தலைகாட்டும். சந்திக்கவே சந்திக்காத இரண்டு பேருக்குள் சண்டையும் வராது, சம்பந்தமும் வராது.

இன்னொரு விதியும் உண்டு. பூக்கிற காலத்தில் கறுப்பு வயலுக்குள் போய்வந்தவர் குளித்து, துணி மாற்றாமல் வேறு எந்தச் சோள வயலிலும் கால் வைக்கக் கூடாது. தூள் காற்றில்தான் போகும் என்றில்லை, சட்டைக் கையில் உட்கார்ந்தும் போகும். இந்த விதியைக் கேட்டபோது மற்ற ஆட்கள் முகம் சுளித்தார்கள். சுத்தம்மாவுக்கோ, தனக்காகவே யாரோ யோசித்து எழுதிய சட்டம்போல இருந்தது.

அவர் தங்கியிருந்தது வயலின் ஓரத்தில் கம்பெனி கட்டிக்கொடுத்த ஒற்றை அறையில். தகரக் கூரை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. நாற்காலி ஒன்றுதான் என்பது அவருக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. இரண்டாவது ஒன்று இருந்தால் அதில் தூசு படியும், அதையும் துடைக்க வேண்டும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வந்த வரன்களில் ஒருவர் தட்டில் கை கழுவினார் என்று வேண்டாம் என்றுவிட்டதாக ஒரு கதை உண்டு. அவரிடம் கேட்டால், "தட்டுல இல்ல, டம்ளர்ல," என்று திருத்துவார். கைபேசி வாரத்துக்கு இரண்டு தரம் அடிக்கும். எடுத்தால் பதிவு செய்த குரல் ஒன்று கடன் வேண்டுமா என்று அன்பாகக் கேட்கும். சுத்தம்மா கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வைப்பார். பேசுகிறவர் பேசி முடிக்காமல் வைப்பது மரியாதையில்லை.

எதிர்வயல் அவருடைய தம்பியுடையது.

இந்த இடத்தில் வாசகர் சொத்துத் தகராறு என்று நினைப்பார். இல்லை. பாகம் பிரித்தபோது இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாகக் கையெழுத்துப் போட்டார்கள். தன் பங்கை அக்கா தம்பிக்கே விற்றார், அவனும் ஒழுங்காகக் கொடுத்துத் தீர்த்தான். சண்டை ஒரே ஒரு வாக்கியத்தில் வந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் இரவு பகலாகப் பக்கத்தில் இருந்தவர் அக்கா. ஒருநாள் காலை, உடம்பெல்லாம் மருந்து வாடை தாங்காமல், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்று தம்பியை உட்கார வைத்துவிட்டுப் போனார். குளித்தார். அவர் குளித்தால் அது சீக்கிரம் முடிகிற காரியமல்ல. திரும்பி வந்தபோது அம்மா இல்லை. வாசலில் நின்ற தம்பி, அழுதபடியே, "குளிக்கிறதுக்கு இன்னைக்குத்தான் நேரம் கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டான்.

துக்கத்தில் வந்த வார்த்தை. அடுத்த நாளே அவனுக்கே அது வாயில் கசந்திருக்கும். ஆனால் இந்தக் குடும்பத்தில் யாருக்கும் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் கிடையாது, மன்னிக்கிற பழக்கமும் கிடையாது. சாப்பிட்டியா என்று கேட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். அந்த ஒரு கேள்வியை யார் முதலில் கேட்பது என்பதிலேயே வருஷங்கள் ஓடின.

அப்புறம் கறுப்புச் சோளக் கம்பெனி வந்தது. சுத்தம்மாவை வேலைக்கு எடுத்தது. பருவத்துக்கு ஒரு தரம் எதிர்வயல்காரரை நேரில் பார்த்து விதைக்கும் நாளைக் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும் என்றது விதி. விதி என்று வந்துவிட்டால் சுத்தம்மா மீற மாட்டார். குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பாதையைத் தாண்டித் தம்பி வீட்டு முற்றத்தில் போய் நின்றார். தம்பியும் வெளியே வந்து நின்றான். அவன் மனைவி, மகன் வீட்டுக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ளக் கடல் தாண்டிப் போயிருந்தார். பேரன் கல்லூரி முடிக்கிறவரை திரும்புகிற உத்தேசம் இல்லை போலிருந்தது. ஆக, அந்த வீட்டிலும் ஒரு ஆள்தான்.

அந்தப் பேச்சு ஒவ்வொரு பருவமும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். இந்தப் பருவத்தில் இப்படி இருந்தது.

"கம்பெனி தேதி கேக்குது."

"எந்தக் கம்பெனி?"

"இங்க எத்தனை கம்பெனி கெடக்கு?"

"ஒழுங்கா கேட்டா ஒழுங்கா பதில் வரும்."

"எப்ப வெதைக்கப் போறீங்க?" அக்கா தம்பியைப் பன்மையில் விளித்தார். கம்பெனி சார்பாக வந்திருக்கும்போது ஒருமையில் பேசக் கூடாது.

"கம்பெனி எப்ப வெதைக்குது?"

"வர்ற திங்கக்கெழம."

"அப்ப நான் அதுலேருந்து மூணு வாரம் கழிச்சு. சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்."

வேலை முடிந்தது. இரண்டு பேரும் போகவில்லை. தம்பி காலால் ஒரு கல்லைப் புரட்டிவிட்டு, அந்தக் கல்லைப் பார்த்தபடியே கேட்டான்: "கம்பெனிக்கு முட்டி வலி எப்படி இருக்குதாம்?"

"எறங்குறப்பதான் வலிக்குதாம். ஏறுறப்ப பரவாயில்லையாம்."

"ஏதாவது தைலம் கியிலம் தடவச் சொல்லுங்க."

"பிசுபிசுன்னு இருக்கும்னு கம்பெனி தடவாது."

"அதானே. அது செத்தாலும் தடவாது." அவன் சிரிக்கவில்லை, ஆனால் மீசை அசைந்தது. "சரி. அடுத்த பருவம் பாக்கலாம்னு சொல்லுங்க."

அவ்வளவுதான். சுத்தம்மா அந்தப் பேச்சை அறைக்குக் கொண்டுவந்து, அடுத்த பருவம்வரை சிக்கனமாகச் செலவழிப்பார். சோறு வடிக்கும்போது 'எந்தக் கம்பெனி?' ஞாபகம் வரும். துணி காயப்போடும்போது 'அது செத்தாலும் தடவாது' வரும். பாத்திரம் விளக்கும்போது தம்பி சொல்லாமல் விட்ட இரண்டு மூன்று வாக்கியங்களையும் தானே சேர்த்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலும் சொல்லிப் பார்ப்பார்.

இந்தப் பேச்சுக்கு ஆபத்து ஒன்றே ஒன்றுதான். கம்பெனியின் மேனேஜர், மோட்டார் சைக்கிளில் வருகிற சின்ன வயசுக்காரர், நல்ல பிள்ளை, எல்லாரையும் அம்மா அய்யா என்றே பேசுவார், ஒருநாள் சொன்னார்: "அம்மா, எதிர்வயல்ல ஒரு கறுப்பு மணி தெரிஞ்சாலும் அவங்க மாவு மில்லுல லாரியைத் திருப்பிடுவாங்க. வெள்ளை மாவு வெள்ளையா இருக்கணும்ல. ஒரே ஒரு புகார் வந்தா போதும், மேலிடத்துல நம்ம வயலை ஆத்துக்கு அந்தப் பக்கம் மாத்திடுவாங்க. அங்க சுத்துவட்டாரத்துல சோளமே கெடையாது. யார்கிட்டயும் தேதி கேக்க வேணாம். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

சுத்தம்மா தலையாட்டினார். அன்று அவர் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினார்.

ஒரு கறுப்பு மணிகூடப் பாதையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தம்பி என்கிற ஆள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடுவான். கணக்கு இவ்வளவு எளிமையானது.

இப்படி எளிமையாக இருக்கும் கணக்குகளைக் கெடுப்பதற்கென்றே பறவைகள் படைக்கப்பட்டிருக்கின்றன. வண்டிப்பாதை ஓரமாக ஒரு மின்கம்பி போகிறது. அதில் உட்கார்ந்திருந்த மைனாக்கள், கறுப்பு வயல் முளைவிட்டதும், கம்பிக்கு நேர் கீழே பாதையோரமாக இருந்த வரிசைகளில் இறங்கி, குருத்தைப் பிடித்து இழுத்து, அடியில் இருந்த விதையைத் தின்றுவிட்டுப் போயின. பாதையோர வரிசைகள் பல் விழுந்த வாய்போல ஆகிவிட்டன.

இன்னொருவராக இருந்தால் அப்படியே விட்டிருப்பார். சுத்தம்மாவால் முடியவில்லை. அறையைத் திறந்தால் அந்த ஓட்டைகள்தான் முதலில் கண்ணில் பட்டன. சாப்பிடும்போது பட்டன. நாலைந்து நாள் பொறுத்தார், ஒரு வாரம் பொறுத்தார். அதற்குப் பிறகும் பொறுக்க முடியாமல், மிச்சமிருந்த விதையை எடுத்துக்கொண்டுபோய் ஓட்டைகளிலெல்லாம் ஊன்றினார். முளைத்தது. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "நூல் புடிச்ச மாதிரி இருக்கும்மா," என்றார். அந்த வார்த்தை சுத்தம்மாவுக்கு இரண்டு நாள் தாங்கியது.

தப்பு எங்கே நடந்தது என்று சோளம் தெரிந்தவர்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். பிந்தி ஊன்றின செடி பிந்தித்தான் பூக்கும். வயல் முழுக்கப் பூத்துக் கொட்டி ஓய்ந்து, உச்சிகளெல்லாம் காய்ந்த துடைப்பம் மாதிரி ஆன பிறகு, பாதையோர வரிசைகளில் மட்டும் அங்கங்கே பச்சைப் பூங்கொத்துகள் புதுசாகத் தலைதூக்கின. அதே வாரம், பாதைக்கு அந்தப் பக்கம், தம்பியின் வயலில் கதிர்கள் பட்டுநூலை வெளியே நீட்டின. தம்பி பிந்தி விதைத்த பயிர் வெயிலில் வேகமாக வேறு வளர்ந்திருந்தது. மூன்று வாரம் என்று போட்ட வேலி, சுத்தம்மாவின் சுத்தத்தாலேயே ஓட்டையாகிவிட்டது. ஓட்டையை அடைக்கப் போய் ஓட்டை போட்ட பெருமை அவருக்கு.

செடியைப் பிடுங்கிவிட்டால் வரிசையில் மறுபடி பள்ளம் தெரியும், மேனேஜர் ஏன் என்று கேட்பார், பதில் சொல்ல வேண்டும், பதில் மேலிடம்வரை போகும். அதனால் பிடுங்கவில்லை. பூவை மட்டும் வெட்டினார். தினம் காலையில், பனி காய்வதற்குள், கத்தரிக்கோலும் ஒரு சாக்குமாகப் பாதையோர வரிசைகளுக்குள் நுழைந்து, தலைதூக்கிய பூங்கொத்து ஒவ்வொன்றையும் விரிவதற்குள் நறுக்கிச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, கொண்டுபோய்ப் புதைத்தார். பனி காய்ந்து வெயில் ஏறினால்தான் தூள் பறக்க ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் முடித்துவிட்டு, அறைக்கு வந்து, தலையோடு குளிப்பார். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால், இந்தக் கதையை எழுத வேண்டியே இருந்திருக்காது.

அன்று காலை பனியே இல்லை. இரவெல்லாம் சூடாகக் காற்று அடித்திருந்தது. சுத்தம்மா போய்ப் பார்த்தபோது சில பூங்கொத்துகள் முந்திக்கொண்டு விரிந்துவிட்டிருந்தன. தொட்டதும் தூள் கொட்டியது. காற்று அந்நேரம் நின்றிருந்தது ஒன்றுதான் அதிர்ஷ்டம். அவசர அவசரமாக வெட்டினார். தலைத்துணியெல்லாம் மஞ்சள், சட்டைக் கையெல்லாம் மஞ்சள், இமையில்கூட. தன்னைத் தானே பார்க்கச் சகிக்கவில்லை. கடைசிப் பூவை வெட்டிச் சாக்கின் வாயைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது காலடியில் ஏதோ குளிர்ந்தது.

தண்ணீர். பாதையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் வாய்க்கால் நிரம்பி, வழிந்து, வண்டித்தடம் இரண்டிலும் செம்மண் நீராக வந்துகொண்டிருந்தது. மோட்டார் ஓடும் சத்தமும் நிற்காமல் கேட்டது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குத் தம்பியைத் தெரியாது. தண்ணீர் விஷயத்தில் அவன் கருமி. வாய் கொப்பளித்த தண்ணீரைக்கூடச் செடி பார்த்துத் துப்புகிறவன். அவன் வயல் தண்ணீர் பாதைக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. வந்திருக்கிறது என்றால் மோட்டாரை நிறுத்த ஆள் இல்லை. ஆள் இல்லை என்றால்?

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது? தம்பி என்று கூப்பிட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. எதிர்வயல்காரரே என்று கூப்பிட்டால் அவன் செத்துக் கிடந்தாலும் எழுந்துவந்து சிரிப்பான். வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. அதற்குள் கால் முடிவு செய்துவிட்டது.

சுத்தம்மா ஓடினார். முட்டி வலிக்கிற, ஐம்பத்தெட்டு வயசு, பூத்தூளில் முக்கி எடுத்த சுத்தம்மா, பாதையைத் தாண்டி, வரப்பைச் சுற்றிப் போகப் பொறுமையில்லாமல், வெள்ளைச் சோளத்துக்கு நடுவே ஒரு வரிசைக்குள் புகுந்து, இரண்டு பக்கமும் இலைகள் சட்டையைக் கிழிப்பதுபோல் உரச, மோட்டார் ரூமைப் பார்த்து நேராக ஓடினார். கதிர்கள் தோளிலும் கையிலும் இடித்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் பட்டுநூல். அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல்தான் தெரிந்தது.

மோட்டார் ரூம் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே, கவிழ்த்த வாளியின் மேல் தம்பி உட்கார்ந்திருந்தான். சுவிட்ச் பெட்டியின் மேல் கைபேசி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திரையில் ஒரு சின்னப் பையன், பேரன்தான். தம்பி இரண்டு காதிலும் பொத்தான் மாதிரி எதையோ சொருகியிருந்தான். அதனால் தண்ணீரும் கேட்கவில்லை, மோட்டாரும் கேட்கவில்லை, உலகமும் கேட்கவில்லை. கழுத்தை நீட்டி, உதட்டைக் குவித்து, "ம்மே" என்று கத்திக்கொண்டிருந்தான். மீசை நரைத்த மனுஷன். மறுபடி கழுத்தை நீட்டினான், மறுபடி கத்தினான். பையன் வாய்விட்டுச் சிரிப்பது தெரிந்தது, கேட்கவில்லை.

சுத்தம்மா ஜன்னலோரமாகக் கொஞ்ச நேரம் நின்றார். உயிரோடு இருக்கிறான். நன்றாகவே இருக்கிறான், மானம்தான் போய்க்கொண்டிருக்கிறது. இந்தப் பருவத்துக்கான பேச்சு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது. உள்ளே போய்ச் சொல்வதற்குக் கம்பெனியிடமிருந்து ஒன்றும் இல்லை. திரும்பினார். இந்த முறை வரப்பு வழியாக, நடந்து.

அறைக்கு வந்து குழாயடியில் சட்டையைக் கழற்றினபோதுதான் பார்த்தார். சட்டைக் கையில் இருந்த மஞ்சளில் பாதி இல்லை.

அது எங்கே போயிருக்கும் என்று யோசிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. குளிக்க வந்தவர் வெகுநேரம் குளிக்காமல் நின்றார்.

அதன் பிறகு வந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சொல்லியிருக்கலாம். உடனே போய்ச் சொல்லியிருந்தால் அந்த ஒரு வரிசையை அவன் அப்போதே ஒடித்துப் போட்டிருப்பான். ஆனால் சொன்னால், ஏன் ஓடிவந்தாய் என்று கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட வயலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றுவதே மேல் என்று சில நாள் தோன்றியது. சில நாள் தோன்றவில்லை. கடன் கொடுக்கிற குரல் ஒருநாள் அடித்தபோது, அது பேசி முடித்ததும், "எனக்கு வேணாம், ஆனா நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். குரல், ஒன்றை அழுத்தச் சொன்னது.

மேனேஜர் வந்தார். "எதிர்வயல் எல்லாம் சுத்தமா இருக்காம்மா?"

"இருக்கும்," என்றார் சுத்தம்மா. மேனேஜர் பார்க்காத திசையில் பார்த்துக்கொண்டு.

அறுவடை வந்தது. எதிர்வயலில் ஆட்கள் இறங்கினார்கள். மாவு மில் லாரி வந்து நின்றது. சுத்தம்மா கதவைப் பாதி சாத்திவிட்டு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். லாரி நிரம்பியது, தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள், போய்விட்டது. மறுநாளும் திரும்பி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாவது நாள் சாயங்காலம் தம்பி வந்தான்.

பாதையைத் தாண்டி அவன் வருவது இதுதான் முதல் தடவை. தோளில் ஒரு சாக்கு. கதவுக்கு வெளியே நின்று, உள்ளே பார்க்காமல் கேட்டான்.

"கம்பெனி இருக்குதா?"

"இருக்கு."

உள்ளே வந்து சாக்கை இறக்கிவைத்து, கைவிட்டு ஒரு கதிரை எடுத்தான். உரித்த கதிர். பளீரென்ற வெள்ளை மணிகளுக்கு நடுவே அங்கங்கே கறுப்பு, யாரோ மையில் விரலை நனைத்து உதறிய மாதிரி. நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. இரண்டு பேருமே நின்றார்கள், நாற்காலி நடுவில் இருந்தது.

"லாரி போச்சே," என்றார் சுத்தம்மா.

"போச்சு. இது அதுல போகலை. ஆளுங்க எறங்குறதுக்கு முன்னாடி நானே ஒடிச்சு எடுத்துட்டேன்."

"புகார் குடுக்கணும்னா மேனேஜர் நம்பர் தர்றேன்."

"நம்பர் என்கிட்டயும் இருக்கு." அவன் கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "காத்துல வந்திருந்தா பாதையோரமா பரவலா விழுந்திருக்கும். இது அப்படி இல்ல. ஒரே வரிசை. பாதையில ஆரம்பிச்சு மோட்டார் ரூம் ஜன்னல்ல முடியுது. அதுக்கு மேல ஒண்ணு கெடையாது. ஜன்னல் வரைக்கும் வந்து நிக்கிற காத்து எது?"

சுத்தம்மா குனிந்து, சாக்கில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"திரும்பிப் போன தடமும் இல்ல."

"வரப்பு வழியா போனேன்."

"ஓ." கதிரைக் கை மாற்றிக்கொண்டு, "எதுக்கு வந்தே?" ஒருமை. அதை இரண்டு பேருமே கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

"தண்ணி பாதைக்கு வந்துச்சு."

"தண்ணி வந்தா மோட்டாரை நிறுத்தச் சொல்லணும். சொல்லலையே."

"நீ ஆடு மாதிரி கத்திட்டு இருந்தே."

தம்பியின் முகம் கறுத்துச் சிவந்தது. "ஆடு இல்ல. ஒட்டகச்சிவிங்கி."

"ஒட்டகச்சிவிங்கி ம்மேன்னா கத்தும்?"

"அதைத்தான் அவனும் கேட்டான்."

சிரித்திருக்கலாம். சிரிப்பு தொண்டைவரை வந்து இரண்டு பேரிடமும் அங்கேயே நின்றுவிட்டது. தம்பி கதிரின் கறுப்பு மணி ஒன்றைக் கட்டை விரலால் நெம்பிக்கொண்டிருந்தான். அது வரவில்லை.

"அப்ப பூ வெட்டிட்டு இருந்தியா?"

"ஆமா."

"ஒடம்பெல்லாம் தூளா இருந்திருக்குமே."

"இருந்துச்சு."

"குளிக்காமயா வந்தே?"

சுத்தம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அதில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"நேரம் இல்ல," என்றார்.

தம்பி தலையைக் குனிந்தான். மணியை நெம்புவதை விட்டுவிட்டான். கதிரைச் சாக்குக்குள் திரும்ப வைத்தான், உடைந்துவிடும் பொருளை வைப்பதுபோல் மெதுவாக. சாக்கின் வாயை முடிந்தான், அவிழ்த்தான், மறுபடி முடிந்தான். ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது. இந்தக் குடும்பத்தில் அந்த மாதிரி விஷயங்களைச் சொல்கிற பழக்கம் இல்லை என்று முன்பே சொன்னேன்.

"இந்தச் சாக்கு இங்கயே இருக்கட்டும்," என்றான். "என் வீட்டுல கெடந்தா யாராவது பாப்பாங்க. உன் மேனேஜருக்குப் போன் போட்டு வைப்பாங்க."

"சரி."

பாதைவரை போனவன் திரும்பினான். "அக்கா."

"ம்."

"அடுத்த தடவை ஓடி வர்றதா இருந்தா வரப்பு மேல ஓடி வா. நடுவுல பூந்து வராதே. கதிர் வீணாகுது."

போய்விட்டான். சாப்பிட்டியா என்று அவனும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. இருட்டத் தொடங்கியபோது பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு விளக்கு எரிந்தது, இந்தப் பக்கம் ஒன்று. சுத்தம்மா கதிர்களை ஒவ்வொன்றாக எடுத்து, பாதையிலிருந்து ஜன்னல்வரை வந்த வரிசைப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியபடி, தரையில் அடுக்கினார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

வயல் ஆற்றைத் தாண்டவில்லை. அடுத்த பருவம், குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போய், கம்பெனி தேதி கேக்குது என்றார். எந்தக் கம்பெனி என்று அவனும் கேட்டான். பேச்சு பழைய நீளம்தான். மைனாக்களும் பழையபடி வந்து, கம்பிக்குக் கீழே பாதையோர வரிசைகளில் குருத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போயின.

மேனேஜர் வந்து பார்த்து, "என்னம்மா, இந்தத் தடவை இவ்வளவு ஓட்டை விட்டிருக்கீங்க?" என்று ஆச்சரியப்பட்டார்.

"நெரப்பினா பிந்திப் பூக்கும்," என்றார் சுத்தம்மா.

அது நிஜம்தான். நாற்காலியை அவர் கதவோரமாக நகர்த்திப் போட்டிருந்ததை மேனேஜர் கவனிக்கவில்லை. சோளம் ஆள் உயரம் வளர்ந்த பிறகும், அங்கே உட்கார்ந்தால், பல் விழுந்த அந்த இடைவெளி வழியாக எதிர்வயல் மோட்டார் ரூம் தெரிந்தது. ஜன்னல் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதுவரை.